பாதையில் முள், வீட்டில் ஈரம்

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு என்றும், அவற்றின் கடைசிக் கிளை பாதையில் கிடந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவது என்றும் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். மக்தபில் ஓதும் சிறு பிள்ளைக்கும் இது தெரியும். தெருவில் கிடக்கும் முள்ளையும் கண்ணாடித் துண்டையும் ஒதுக்கிப் போட்டுவிட்டு, ஒரு நன்மையைச் சேர்த்துக்கொண்ட நிறைவோடு நாம் வீட்டுக்குள் நுழைகிறோம். ஆனால் பாதை என்பது வாசற்படியோடு முடிந்துவிடுகிறதா? எழுபத்தைந்து வயதுத் தந்தை படுக்கையிலிருந்து எழுந்து ஒளுச் செய்யும் இடம்வரை நடக்கிறாரே, அந்தப் பத்தடி தூரம் பாதை இல்லையா? அங்கே தேங்கிக் கிடக்கும் ஈரமும், கவிந்து கிடக்கும் இருட்டும் முள் இல்லையா?

இந்தக் கேள்வியை நம் உள்ளத்தில் எழுப்பியவர் நெய்வேலியில் வாழும் ஒரு பெரியவர்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை 1957-ம் ஆண்டு மே மாதம் 20-ம் நாள் பண்டித நேரு அவர்கள் தொடங்கி வைத்தார்கள். அதன்பின் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் தொலைதூரங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் நகரியத்தின் வட்டங்களில் குடியேறினார்கள். பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். ஆகவே பலர் வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம் என்று பக்கத்திலேயே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். நாம் சொல்லும் பெரியவரும் அப்படிக் கட்டிக்கொண்டவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் உழைத்தவர். மனைவி மவுத்தாகிவிட்டார். மகன், மருமகள், பேரப் பிள்ளைகளோடு இருக்கிறார். மகனும் ஷிப்ட் வேலைக்காரர்.

ஒரு நாள் பின்னிரவில் தஹஜ்ஜுத் தொழுகைக்காக எழுந்தவர், குளியலறை வாசலில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது. சுபுஹு பாங்கு கேட்டு மருமகள் எழுந்து வந்து பார்க்கும்வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த ஈரத் தரையிலேயே கிடந்தார். யாரையும் கூப்பிடவில்லை.

மருத்துவமனைக்கு நாம் போயிருந்தபோது, கட்டிலைச் சுற்றி இரண்டு வார்த்தைகள் ஒலித்துக்கொண்டிருந்தன. பார்க்க வந்தவர்கள், “அல்லாஹ்வின் நாட்டம், என்ன செய்வது?” என்றார்கள். மகனோ, “தனியா எழுந்திருக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்! கேட்டாத்தானே!” என்று கண் கலங்கினார். முதல் வார்த்தை பொறுப்பை விதியின்மீது போட்டது. இரண்டாவது வார்த்தை அதை விழுந்தவர்மீது போட்டது. தரையின் ஈரத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதைப் பின்னால் சொல்வோம்.

விதியும் பேணுதலும்

விதி என்று ஆறுதல் சொன்னவர்கள் பொய் சொல்லிவிடவில்லை. நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நிர்ணயப்படியே நடக்கின்றன என்று ஈமான் கொண்டவர்கள் நாம். நடந்து முடிந்த துன்பத்துக்கு அந்த நம்பிக்கையே மருந்து. ஆனால் இனி நடக்கப்போவதில் அலட்சியமாக இருக்க அது சாக்கு ஆகாது.

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டும்படியும் பிறகு பொறுப்புச் சாட்டும்படியும் அண்ணலார் (ஸல்) அவர்கள் சொன்னது நாம் அறிந்ததே. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருந்தபோது, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் படையோடு திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று ஹஜ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே போகிறோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதில் தந்தார்கள். ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியுமாக இருக்கும் பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படிதான் என்று உதாரணமும் காட்டினார்கள்.

விழுவதைப் பற்றியே நேரடியாகவும் நமக்கு வழிகாட்டல் இருக்கிறது. தடுப்புச் சுவர் இல்லாத மாடியில் உறங்குவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உயரத்திலிருந்து விழுவதைவிட்டும், தள்ளாத முதுமையைவிட்டும் அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியதும் அதே நூலில் உள்ளது. துஆக் கேட்ட அதே நாவுதான் தடுப்புச் சுவரைப் பற்றியும் எச்சரித்தது! நாமோ துஆவை மட்டும் எடுத்துக்கொண்டு சுவரை விட்டுவிட்டோம்.

நெய்வேலி மக்களுக்கு இதை விளக்கக் கிதாபு கூடத் தேவையில்லை. நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. மண்ணை வெட்டி எடுக்கும்போது அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு பீறிடாமலிருக்க, இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நடப்பது நடக்கட்டும் என்று எவரும் பம்பை நிறுத்தியதில்லை. சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்புக்கு 1952-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. மார்ச் 4-ம் நாளைத் தேசியப் பாதுகாப்பு தினமாக்கி உறுதிமொழியும் எடுக்கிறார்கள். நம் பெரியவர் தம் பணிக்காலம் முழுவதும் ஹெல்மெட்டும் பூட்ஸும் அணியாமல் உள்ளே இறங்கியதில்லை. கம்பியைப் பிடிக்காமல் கன்வேயர் படிகளில் ஏறியதில்லை. அவ்வளவு பெரிய இயந்திரங்களுக்கு நடுவே அல்லாஹ் அவரைக் காப்பாற்றினான். ஓய்வு பெற்று வந்து தாமே கட்டிய வீட்டிலோ, பிடித்துக்கொள்ள ஒரு முழக் கம்பி இல்லை!

இது ஒரு வீட்டுச் செய்தியும் அல்ல. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் வரை ஆண்டுதோறும் ஒரு முறையாவது விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று 2021-ல் அதே நிறுவனம் கணக்குச் சொன்னது. அவர்களில் அறுபதைத் தாண்டியவர்களே மிகுதி. இவற்றில் பெரும் பகுதி தடுக்கக்கூடியது என்கிறார்கள் மருத்துவர்கள். தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விட்டுவிட்டு அதற்கு விதி என்று பெயர் சூட்டுவது தவக்குல் ஆகுமா? சிந்திக்க வேண்டும்.

ஒரு பெருமூச்சின் விலை

ஆபரேஷன் முடிந்து சில நாட்கள் சென்றபின் மறுபடியும் போயிருந்தோம். அருகில் வேறு யாரும் இல்லை. “ஏங்க அத்தா, லைட்டைப் போட்டிருக்கலாமே?” என்று கேட்டோம். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்:

“பிள்ளை ஷிப்ட் முடிச்சு ராத்திரி வந்து படுத்திருந்தான் ஹஜ்ரத். ஹால்ல லைட்டைப் போட்டா அவன் முகத்துலதான் அடிக்கும். முன்னாடி ஒரு நாள் போட்டப்ப முழிச்சுக்கிட்டான். ஒண்ணும் சொல்லலை. ஒரு மாதிரி மூச்சு மட்டும் விட்டுட்டுத் திரும்பிப் படுத்தான். அதுக்கப்புறம் நான் லைட்டே போடறதில்லை. சுவரைத் தடவிக்கிட்டே போயிடுவேன்.”

“விழுந்த பிறகாவது கூப்பிட்டிருக்கலாமே?”

“காலையில அவனுக்கு வேலை இருக்கே...”

பனூ இஸ்ராயீல் சூராவில், பெற்றோரில் ஒருவரோ இருவருமோ உன்னிடத்தில் முதுமை அடைந்துவிட்டால் அவர்களை நோக்கிச் சலிப்பைக் காட்டும் ‘உஃப்’ என்னும் ஓசையைக்கூட வெளியிடக் கூடாது என்று அல்லாஹ் தடுத்திருப்பதை எத்தனையோ ஜும்ஆக்களில் நாம் பயான் செய்திருக்கிறோம். அடிக்கக் கூடாது, ஏசக் கூடாது என்பதோடு நிறுத்தாமல், ஒரு மூச்சையும் ஏன் தடுத்தான் என்பது அன்று அந்தக் கட்டிலருகில்தான் நமக்கு விளங்கிற்று. அந்த மூச்சு ஒரு மனிதரை இருட்டில் நடக்க வைக்கிறது. எலும்பு முறிந்து கிடக்கும்போதும் வாய் திறக்கவிடாமல் செய்கிறது. பெரியவர் விழுந்தது பின்னிரவு நேரத்தில் அல்ல. தாம் இந்த வீட்டில் ஒரு பாரம் என்று என்றைக்கு நினைத்தாரோ அன்றைக்கே விழுந்துவிட்டார்.

மகனைக் குறை கூற இதை எழுதவில்லை. அவர் நல்ல பிள்ளை. அத்தாவின் மருந்துச் செலவில் ஒரு காசும் குறைத்ததில்லை. உடல் சோர்ந்து உறங்கியவர், அரைத் தூக்கத்தில் விட்ட மூச்சு அது. அவருக்கு நினைவுகூட இல்லை. ஆனால் முதியவர்களின் காது, நாம் உரக்கச் சொல்வதைக் கேட்காமல் விட்டாலும், நாம் மெல்ல விடும் மூச்சைக் கேட்டுவிடுகிறது. பெற்றோரைப் பராமரிக்கும்படி 2007-ம் ஆண்டில் நம் நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. அது பிள்ளையிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தரும். மூச்சை மென்மையாக்க எந்தச் சட்டத்தாலும் ஆகாது. அதை அல்லாஹ்வின் அச்சம்தான் செய்ய வேண்டும்.

அப்படியானால், தனியாக எழுந்திருக்காதீர்கள் என்று மகன் சொன்னது சரிதானா? அன்பினால் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஐம்பது வருடமாகப் பின்னிரவில் எழுந்து ரப்போடு தனித்திருந்த ஒருவரை, இனி மகனின் உறக்கம் கலைந்தால்தான் நீர் எழலாம் என்று சொல்வதாகிறது அது. அவர் கீழ்ப்படிந்தால் இபாதத்தை இழக்கிறார். கீழ்ப்படியாவிட்டால் திருடனைப்போல் இருட்டில் நடக்கிறார். பயந்து பயந்து உட்கார்ந்தே இருப்பவரின் கால்கள் வலுவிழந்து, மேலும் எளிதில் விழுகிறார் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

நடப்பவரைத் தடுத்து நிறுத்துவது கித்மத்து ஆகாது. அவர் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவதும் கித்மத்து ஆகாது. அவர் யாரையும் எழுப்பாமல், யாரிடமும் கேட்காமல், கூச்சமில்லாமல் நடந்து போகும்படி பாதையைச் செப்பனிட்டு வைப்பதே கித்மத்து. ஹதீஸும் நமக்கு அதைத்தான் சொல்கிறது. முள்ளை அகற்றும்படிதான் நமக்குக் கட்டளை. வழிப்போக்கரைத் திருப்பி அனுப்பும்படி அல்ல.

நாம் சொன்ன மஸ்அலா

இப்போது நம் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன், அஸருக்குப் பின் அந்தப் பெரியவர் நம்மிடம் வந்தார். “உட்கார்ந்து தொழலாமா ஹஜ்ரத்?” என்று கேட்டார். அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்த நாம், “நிற்க முடிந்தவர் நின்றுதான் தொழ வேண்டும்” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டோம். மஸ்அலா சரியானதே. ஆனால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ரத்தக் கொதிப்பு மாத்திரையை மாற்றியதிலிருந்து எழும்போதெல்லாம் தலை சுற்றுகிறது என்று அவர் சொல்லியிருப்பார். கட்டிலருகில் வாயடைத்து நின்றோமே, அதன் காரணம் இதுதான்.

தலையில் காயம்பட்ட ஒரு தோழர் குளிப்புக் கடமையானபோது தமக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களைக் கேட்டார்; இல்லை என்றார்கள்; குளித்தார்; இறந்துபோனார். செய்தி அறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாக வருந்திக் கண்டித்தார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். சலுகையை மறைத்துச் சொல்வதும் ஒரு தீங்கு என்பதை ஆலிம்களாகிய நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறோம். ஹஜ்ரத் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தபோது, நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ அனுமதிக்கப்பட்டார்கள். இயலாமை என்பது கால் அறவே எழாத நிலை மட்டுமல்ல. கப்பலில் போகிறவர் தலைசுற்றலுக்கு அஞ்சினால் பர்ளையும் உட்கார்ந்து தொழலாம் என்று நம் புகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். கடலில் ஆடும் தலைக்கு இருக்கும் சலுகை வீட்டில் ஆடும் தலைக்கு இல்லாமல் போகுமா? தஹஜ்ஜுத் நபிலான தொழுகை. அதை நிற்க முடிந்தவரும் உட்கார்ந்து தொழலாம், நன்மை பாதி. முடியாமையினால் உட்காருபவருக்கோ, ஆரோக்கிய காலத்தில் செய்து வந்த அமலின் கூலி அப்படியே எழுதப்படும் என்று புகாரியில் நற்செய்தி இருக்கிறது.

பெருமானார் (ஸல்) அவர்களே ஒரு முறை குதிரையிலிருந்து விழுந்தார்கள். வலப்பக்கம் சிராய்த்துவிட்டது. அப்போது அவர்கள் உட்கார்ந்தே தொழுதார்கள். வயது ஏறி உடல் கனத்தபோது, தொழுமிடத்தில் சாய்ந்துகொள்ள ஒரு தூணை வைத்துக்கொண்டார்கள் என்று உம்மு கைஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். சுவரில் கம்பி பதிப்பதையும் கைத்தடி பிடிப்பதையும் கௌரவக் குறைவாக நினைக்கும் பெரியவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கையில் இருப்பது என்ன என்று ரப்பு கேட்டபோது, ஹஜ்ரத் மூஸா (அலை) அவர்கள் தம் கோலின் பயன்களில் முதலாவதாகச் சொன்னது அதில் ஊன்றிக்கொள்வதைத்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒளுச் செய்யும் இடத்திலிருந்து தொடங்குவோம். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றொரு காலைத் தூக்கி வாஷ்பேசினில் வைத்துக் கழுவும் வழக்கத்தை முதியவர்கள் இன்றோடு விட்டுவிட வேண்டும். வழுக்காத ஒரு முக்காலியைப் போட்டு, உட்கார்ந்து, செம்பிலோ குழாயிலோ கழுவட்டும். ஒளுவோடு அணிந்த தோலுறையின்மீது ஊரிலிருப்பவர் ஒரு பகல் ஓரிரவு மஸ்ஹு செய்துகொள்ளலாம் என்ற சலுகையும் இருக்கிறது. குளிர்காலத்தில் அது பெரிய உதவி. கழிவறையிலும் குளியலறையிலும் எழும்போது கை எட்டும் உயரத்தில் இரும்புக் குழாயைச் சுவரில் உறுதியாகப் பதிக்க வேண்டும். துணி காயப்போடும் கம்பியும் கதவின் தாழ்ப்பாளும் ஆள் பாரத்தைத் தாங்கமாட்டா. தரையில் உட்கார்ந்து எழ முடியாதவருக்கு மேடைபோட்ட கழிவறை அவசியம்.

அடுத்தது வெளிச்சம். உறங்குமுன் விளக்கை அணைக்கும்படி ஹதீஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். எலி திரியை இழுத்துக்கொண்டு ஓடி வீட்டைக் கொளுத்திவிடும் என்று காரணமும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. தொங்கும் விளக்குகளில் அந்த அச்சம் இல்லையென்றால் தடையும் இல்லை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். படுக்கையிலிருந்து குளியலறைவரை தரையோரமாக ஒரு சிறு மின்விளக்கு இரவு முழுவதும் எரியட்டும். உறங்குபவர் முகத்திலும் படாது. நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962-ல் தொடங்கி 2020-ல் ஓய்வு பெறும்வரை எத்தனையோ ஊர்களுக்கு விளக்கேற்றியது. அதற்கு நிலக்கரி அனுப்பியவரின் கட்டிலருகில் ஒரு சின்ன பல்பு எரியக் கூடாதா?

தேய்ந்துபோன ரப்பர் செருப்பு, நழுவும் மிதியடி, நடைவழியில் கிடக்கும் ஒயர், பேரப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், தரையில் புரளும் கைலி, இவை யாவும் முட்களே. கைலியைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்திக் கட்டும் சுன்னத்தில் இந்த நலனும் அடங்கியிருக்கிறது. இகாமத் கேட்டாலும் ஓடாமல் நிதானமாக வரும்படி நமக்குக் கட்டளை. அழைப்பு மணிக்கும் டெலிபோனுக்கும் முதியவர் ஓடலாமா?

உம்மாமார்களை நாம் மறந்துவிடுகிறோம். மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு வேகமாக வலுவிழக்கிறது. வெயில் படாமல் உள்ளேயே இருப்பதால் வைட்டமின் டி-யும் குறைகிறது. அவர்களுடைய எலும்பைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை ஆகியவை தலைசுற்றலை உண்டாக்கக்கூடும். நாமாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லி மாற்ற வேண்டும். படுக்கையிலிருந்து எழுபவர் சற்று நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு எழட்டும். கண்புரையைத் தள்ளிப்போட வேண்டாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது; கேட்டுப் பெறுங்கள். விழுந்துவிட்டவரை வெடுக்கென்று தூக்கி நிறுத்தாதீர்கள். காலை அசைக்க முடியாவிட்டால் அப்படியே படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். தலையில் அடிபட்டிருந்தால், காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஹவுளின் படிகளில் பாசி படிய விடாதீர்கள். பின்னால் முதியவரும் பலவீனரும் நிற்பார்கள் என்பதை நினைத்து இமாம் தொழுகையைச் சுருக்க வேண்டும் என்றால், ஹவுளுக்கு ஒரு கைப்பிடி வைப்பது யாருடைய கடமை?

பெரியவர் இப்போது வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். பள்ளிக்கு வர இயலவில்லை. முதல் சப்பில் அவர் நின்ற இடத்தில் வேறொருவர் நிற்கிறார். மகன் வெல்டரை அழைத்து வந்து குளியலறையில் குழாய் பதித்துவிட்டார். நடைவழியில் சின்ன விளக்கும் எரிகிறது. தந்தை சொன்ன அந்த மூச்சின் கதையை மகனிடம் நாம் சொல்லவில்லை, அது அமானிதம். இத்தனை எழுதியும் ஊரையும் பேரையும் மறைத்ததற்கு அதுவே காரணம். ஆனால் ஒரு நாள் மகனே நம்மிடம் சொன்னார்: “இப்பல்லாம் அத்தா எழுந்திருக்கிற சத்தம் கேட்டா, முழிச்சிருக்கேன்னு தெரியுற மாதிரி ஸலாம் சொல்லிடறேன் ஹஜ்ரத். அவரும் பதில் சொல்லிட்டுப் போறார்.” யார் சொல்லித் தந்தார்களோ, நமக்குத் தெரியாது. அல்ஹம்துலில்லாஹ்!

நம் வீடுகளில் முதுமையடைந்திருப்பவர்களின் பாதைகளிலிருந்து முள்ளையும் ஈரத்தையும் இருட்டையும் அகற்றும் தவ்பீக்கை அல்லாஹ் நமக்குத் தருவானாக! நம் மூச்சுகளாலும் அவர்களை நோவினை செய்வதைவிட்டு நம்மைக் காப்பானாக! நாம் தளர்ந்து நடக்கும் நாளில் நமக்கும் ஒரு விளக்கை எரிய வைப்பானாக! ஆமீன்.